டோக்கியோவில் சுமோ காலைப் பயிற்சி: எந்த வழியில் பார்ப்பது, எதற்குப் பணம் கொடுப்பது

சுமோவைப் பார்க்க டோக்கியோவில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று ர்யோகோகு பகுதியில் இருக்கும் கொகுகிகான் அரங்கம். 1985-இல் திறந்தது, ஏறக்குறைய 11,000 பேர் அமரலாம், ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் 15 நாள் போட்டி நடக்கும். இன்னொன்று ஹேயா. வீரர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி, சமைத்து, உறங்கி, பயிற்சி செய்யும் வீடு அது. அரங்கில் ஒரு மோதல் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஹேயாவின் காலைப் பயிற்சியைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க மூன்று வழிகள். சுற்றுலா நிறுவனத்துக்குப் பணம் கட்டி வழிகாட்டியோடு உள்ளே போகலாம். ஹேயாவிடமே நேரடியாக அனுமதி கேட்கலாம். தெருவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் கொடுப்பதென்றால், பயிற்சி தொடங்கும்போதே உள்ளே உட்கார வைக்கும் சேவைக்குக் கொடுங்கள். எட்டு மணிக்கு அழைத்துப் போய்ப் பிரபல வீரர்களைக் காட்டும் சேவை அந்த விலைக்குப் பெறாது. முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் ஹேயா என்ன என்பது தெரியும்.

ஏன் என்று புரிய, உள்ளே இருக்கும் அடுக்குமுறை தெரிய வேண்டும். சுமோவில் ஆறு பிரிவுகள். மேலே உள்ள மகுஉச்சியில் 42 பேர், ஜூர்யோவில் 28 பேர். இந்த 70 பேருக்கு மட்டும்தான் செகிதோரி என்ற தகுதி, மாதச் சம்பளம். ஜூர்யோ வீரருக்கே மாதம் 11 லட்சம் யென். அதற்கு ஒரு படி கீழே மகுஷிதாவில் இருப்பவருக்கு மாதச் சம்பளமே கிடையாது, போட்டிக்கு ஒருமுறை ஒரு படித்தொகை மட்டும். இப்படிச் சம்பளமில்லாமல் நான்கு கீழ்ப்பிரிவுகளில் இருப்பவர்கள் ஐந்நூறுக்கும் மேல். பல பேர் 15 வயதில், நடுநிலைப்பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே பெரிய அறையில் வரிசையாகப் படுக்கை விரித்துத் தூங்குவார்கள். தனியறை ஜூர்யோவுக்குப் போன பிறகுதான். வெளியே உடுத்திப் போவதும் இப்படியே: கடைசி இரண்டு பிரிவுக்காரர்கள் குளிர்காலத்திலும் யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியும் மரச்செருப்பும்தான் அணியலாம், மேலங்கி போடும் உரிமை மகுஷிதாவில்தான் கிடைக்கும்.

இன்னொரு விதி மிக முக்கியம். ஒரு ஹேயாவில் சேர்ந்தவர் தன் விருப்பப்படி வேறு ஹேயாவுக்கு மாற முடியாது. ஹேயா மூடப்படுவது, இணைக்கப்படுவது போன்ற சூழலில்தான் இடமாற்றம். ஆசிரியர் பிடிக்கவில்லை, மூத்தவர் கொடுமை செய்கிறார் என்றால் எஞ்சும் வழி சுமோவை விட்டுப் போவதுதான். ஓயகதா எனப்படும் தலைவர் ஓய்வுபெற்ற வீரராகவும், ஜப்பான் சுமோ சங்கத்தின் 105 மூத்தோர் பட்டப்பெயர்களில் ஒன்றை உடையவராகவும், ஜப்பானியக் குடியுரிமை பெற்றவராகவும் இருக்க வேண்டும். வீட்டு நிர்வாகத்தில் பெரும் பங்கு அவர் மனைவியான ஒகமிசானுடையது. பயிற்சி பார்க்கப் போகிறவர் நுழைவது இந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள். சில நிறுவனங்கள் இதைச் சொல்லாமலே பயணிகளை அழைத்துப் போகின்றன, பிறகு பார்வையாளர் சத்தம் போட்டார் என்று ஹேயா கதவைச் சாத்திவிடுகிறது. வெளியாரை அனுமதிக்கும் ஹேயாக்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் இது எல்லோருக்கும் நட்டம்.

இனி பயிற்சி. கடைநிலை வீரர்கள் ஐந்து மணி வாக்கில் எழுந்து, வெறும் வயிற்றோடு மண்ணில் இறங்குவார்கள். காலைச் சாப்பாடு என்பதே கிடையாது. பயிற்சி வளையமும் அரங்கில் உள்ளதைப் போலவே 4.55 மீட்டர் விட்டம். ஆனால் மேடை கிடையாது, தரையோடு தரையாக இருக்கும். சுற்றிலும் வைக்கோல் கட்டுகள் பாதி புதைந்திருக்கும். இடுப்பில் கறுப்புப் பருத்தி மவாஷி கட்டியிருந்தால் கீழ்ப்பிரிவு, வெள்ளை என்றால் செகிதோரி. உள்ளே போனதும் இந்த ஒரு அடையாளம் தெரிந்தால் போதும், பாதி விஷயம் விளங்கிவிடும்.

முதலில் ஷிகோ. கால்களை அகட்டி நின்று, ஒரு காலில் முழு எடையையும் ஏற்றி, மறுகாலை உயரத் தூக்கி மிதிப்பது. நூற்றுக்கணக்கில் போகும். ஒருவர் எண்ணிக்கை சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். எவ்வளவு உயரம் தூக்குகிறார் என்று பார்ப்பதில் பயன் குறைவு. ஊன்றிய காலைப் பாருங்கள். அந்த முழங்கால் ஆடாமல் எடையைத் தாங்குகிறதா, மிதித்த பிறகு இடுப்பு நேராகக் கீழே இறங்குகிறதா என்பதே கணக்கு. புதியவர்கள் களைத்ததும் உடம்பை முன்னால் சாய்த்து, வேகத்தைக் கூட்டி ஏமாற்றப் பார்ப்பார்கள். ஓயகதாவோ மூத்தவரோ ஒரு சொல் போடுவார், எண்ணிக்கை மெதுவாகும். மெதுவாகச் செய்வதுதான் கடினம்.

அடுத்தது சுரியஷி. பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல், கட்டைவிரல் மண்ணைக் கீறும்படி, தாழ்ந்த இடுப்போடு நகர்வது. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். கை விரிந்தால் எதிராளியின் கை அக்குளுக்குள் புகுந்து மவாஷியைப் பிடித்துவிடும். பாதம் தூக்கினால் அந்த நொடியில் எதிராளி விலகித் தலையை அமுக்கினாலே முகங்குப்புற விழுவார். போட்டியில் கனமான வீரர்கள் சட்டென்று கை ஊன்றித் தோற்பதைப் பார்க்கும் போது காரணம் விளங்காது. இங்கே பத்து நிமிடம் பாதங்களை மட்டும் பார்த்தால் விளங்கும்.

சுவரோரம் ஒரு மரத்தூண் இருக்கும். அதை உள்ளங்கையால் மாறிமாறித் தள்ளி அறைவது தெப்போ. வலக்கை போகும்போது வலக்காலும் சேர்ந்து நகரும். நடையில் நம் கைகால்கள் எதிரெதிராக இயங்கப் பழகியவை என்பதால் இது எளிதில் வராது. கையும் காலும் ஒரே பக்கம் சேரும்போதுதான் இடுப்பின் பலம் உள்ளங்கைக்கு வரும். பிறகு மதாவரி: கால்களை இருபுறமும் முழுக்க விரித்து, நெஞ்சு மண்ணைத் தொடும்வரை குனிவது. 150 கிலோ உடம்பு இப்படி விரிவது முதல்முறை பார்ப்பவரை வாயடைக்க வைக்கும். விழும்போது இடுப்பும் தொடையும் கிழியாமல் காப்பது இதுதான்.

இதெல்லாம் முடிந்தபின் மோதல். மொஷியாய் என்பதில் வென்றவர் வளையத்தில் நிற்பார், தோற்றவர் வெளியே போவார். வென்றவரே அடுத்த எதிராளியைத் தேர்ந்தெடுப்பார். அதனால் ஒரு மோதல் முடிந்த கணமே சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் அவரை நோக்கிப் பாய்ந்து தன்னைக் கூப்பிடும்படி கேட்பார்கள். தயங்குபவருக்கு அன்று பயிற்சியே கிடைக்காது. பின்வரிசையில் நின்றபடி ஒரு பையன் எத்தனை முறை தாமதமாகப் பாய்கிறான் என்று கவனித்தால், யார் மேலே போவார், யார் போகமாட்டார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒரே இருவர் தொடர்ந்து பலமுறை மோதுவது சன்பன்-கெய்கோ. இது பெரும்பாலும் செகிதோரிகள் தரம் ஒத்தவரோடு செய்வது.

கடைசியில் வரும் புத்சுகரி-கெய்கோவைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மூத்தவர் நெஞ்சைக் கொடுத்து நிற்பார். இளையவர் மோதி, அவரை வளையத்தின் குறுக்கே தள்ளிக்கொண்டு போக வேண்டும். தள்ள முடியாவிட்டால் மூத்தவர் அவரை மண்ணில் உருட்டிவிடுவார், அவர் எழுந்து மறுபடி மோதுவார். சில நிமிடங்களில் மூச்சு வாங்கும், உடம்பு முழுக்க மண் ஒட்டும், சிலர் அழுதேவிடுவார்கள். பார்ப்பவருக்குத் தண்டனை போலத் தெரியும். உண்மையில் நெஞ்சு கொடுப்பது ஒரு உதவி. மோதலின் முழு வேகத்தையும் அந்த மூத்தவர் தன் உடம்பில் வாங்குகிறார், உருண்டு விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி விழக் கற்றுத் தருகிறார். முடிந்ததும் இளையவர் ஓடிப்போய் ஒரு மூங்கில் கரண்டியில் தண்ணீர் மொண்டு வந்து அவருக்குக் கொடுப்பார்.

ஆனால் எல்லாக் கடுமையும் பயிற்சி என்று சொல்லிவிட முடியாது. 2007-இல் தொகிட்சுகசே ஹேயாவில் 17 வயது வீரர் ஒருவர் பயிற்சி என்ற பெயரில் அடித்துக் கொல்லப்பட்டார், ஓயகதாவே சிறைக்குப் போனார். 2024-இல் ஒரு வீரர் இளையவர்களை அடித்து வந்தது வெளிப்பட்டு, மியாகினோ ஹேயா மூடப்பட்டு அங்கிருந்தவர்கள் இசெகஹமா ஹேயாவுக்கு மாற்றப்பட்டார்கள். மாற முடியாத வீடு, கேள்வி கேட்க முடியாத மூப்பு, இரண்டும் சேரும் இடத்தில் இது நடக்கும். இதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றும் வழிகாட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். எது பயிற்சி, எது கொடுமை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே நல்ல வழிகாட்டி.

மூன்று வழிகளில் பணம் கட்டிப் போவதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் பெரும்பாலும் நபருக்கு 10,000 யென்னிலிருந்து 20,000 யென் வரை இருக்கிறது. ர்யோகோகு ரயில் நிலையத்திலோ ஹேயாவுக்கு அருகிலோ வந்து சேரச் சொல்வார்கள். நல்ல வழிகாட்டி வாசலில் நுழைவதற்கு முன்பே மேலே சொன்ன பயிற்சிகளின் வரிசையைச் சொல்லி முடித்துவிடுவார், ஏனென்றால் உள்ளே யாரும் பேசக்கூடாது. மோசமான சேவையில் வழிகாட்டி உள்ளே உட்கார்ந்து காதோடு கிசுகிசுப்பார். பக்கத்திலிருப்பவருக்கும் எரிச்சல், ஓயகதாவுக்கும் எரிச்சல். அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து அமைதியாக இருப்பவர் இவரைவிட எவ்வளவோ மேல். சில நிறுவனங்கள் ஓய்வுபெற்ற வீரர்களை வைத்துத் தனி அரங்கில் நகைச்சுவையும் மோதலும் கலந்து நடத்தும் காட்சியையும் இதே பக்கத்தில் விற்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு, ஆனால் அது ஹேயா அல்ல. பதிவு செய்யும்போது இடத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரடி அனுமதி: கட்டணம் கிடையாது, அதனாலேயே கடினம். ஜப்பானிய மொழி சரளமாகப் பேசுபவர் தொலைபேசியில் கேட்க வேண்டும், பல ஹேயாக்கள் அவரும் கூட வரவேண்டும் என்பார்கள். முதல்நாள் மாலை மறுபடி கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் மறுநாள் வீரர்கள் வேறு ஹேயாவுக்குப் பயிற்சிக்குப் போகக்கூடும். கையில் இனிப்போ சாகே மதுவோ கொண்டுபோவது மரியாதை. பார்வையாளர் உட்காரும் அகாரி-சஷிகி என்ற, தாத்தாமி பாய் விரித்த மேடை, ஹேயாவுக்குப் பணமும் அரிசியும் தந்து தாங்கும் ஆதரவாளர் சங்கத்தினர் உட்காரும் இடம். அங்கே வெறுங்கையோடு போய் உட்கார்வது நன்றாக இருக்காது. ஜப்பானில் வேலை பார்க்கும் நண்பர் இருந்தால் இந்த வழியையே முயலுங்கள். பத்துப் பேர் கூட்டமில்லாமல் இரண்டு பேராக உட்கார்ந்து பார்ப்பதற்கு நிகர் வேறு இல்லை.

மூன்றாவது வழி, அரஷியோ ஹேயா. சூவோ வட்டத்தில் நிஹோன்பாஷி ஹமாச்சோவில் இருக்கிறது, ஹமாச்சோ ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. 2022 மார்ச் போட்டியை வென்ற வகதகககேயும் அவர் அண்ணன் வகமொதோஹருவும் இங்கேதான். கூடத்தின் பெரிய கண்ணாடி சன்னல்கள் நடைபாதையை ஒட்டி இருக்கின்றன. வெளியில் நின்று இலவசமாகப் பார்க்கலாம், ஏழரையிலிருந்து பத்து மணி வரை நல்ல நேரம். வளையம் கண்ணாடிக்கு மிக அருகில் இருப்பதால் உள்ளே உட்கார்ந்தவரைவிட நெருக்கமாகக்கூடத் தெரியும். பயிற்சி முடிந்து வெளியே வரும் வீரர்கள் படத்துக்கு நிற்பதும் உண்டு. குறை இரண்டு. ஒன்று, கண்ணாடி சத்தத்தை விழுங்கிவிடுகிறது. இரண்டு தலைகள் மோதும் ஓசை, தெப்போவின் அறை, எண்ணிக்கையின் தாளம், இவையின்றிப் பயிற்சி பாதிதான். இரண்டு, கூட்டம் சேர்ந்தால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் சாய்வது, வாசலையும் நடைபாதையையும் மறிப்பது, ஃபிளாஷ் போடுவது மூன்றும் கூடாது. ஒரு காசும் செலவில்லாத இதையே, முதல்முறை போகிறவர்களுக்குப் பல கட்டணச் சேவைகளைவிட மேலாக வைப்பேன். உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்றில்லாதவர்களுக்கு, குழந்தைகளோடு வருபவர்களுக்கு இது போதும்.

எந்த வழியானாலும் நாட்காட்டி தெரியாமல் தேதி குறிக்காதீர்கள். மிக அதிகமாக ஏமாற்றம் வருவது இங்கேதான். மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுஓகா என்று எல்லா ஹேயாக்களும் குடிபெயர்ந்து போய் கோயில் போன்ற இடங்களில் தங்கிப் பயிற்சி செய்யும். போட்டிக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே கிளம்பிவிடுவார்கள். அதாவது பிப்ரவரி கடைசியில் டோக்கியோ ஹேயா காலி. ஏப்ரல், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் மாதங்களில் செகிதோரிகள் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போவார்கள், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் இளையவர்களும் கூடப் போவார்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஒரு வாரமாவது விடுமுறை. போட்டி நடக்கும் நாட்களில் பயிற்சி இருக்கும், ஆனால் இலேசானது, உடம்பைச் சூடேற்றும் அளவுக்குத்தான். ஜனவரி, மே, செப்டம்பர் போட்டிகளுக்குப் பெரும்பாலும் 13 நாள் முன்பு தரவரிசைப் பட்டியல் வெளியாகும், ஜனவரிக்குச் சில ஆண்டுகளில் இன்னும் முன்பே. அதிலிருந்து போட்டி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்புவரை உள்ள நாட்கள்தான் தங்கமானவை. புதுத் தரவரிசை கையில் இருக்கும், எல்லோருக்கும் நிரூபிக்க ஏதாவது இருக்கும்.

உள்ளே உட்கார்வது எளிதல்ல. தாத்தாமியில் ஒரு மெல்லிய சதுர மெத்தை கொடுப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் சம்மணமிட்டு இருக்க வேண்டும், நடுவில் எழுந்து போகக் கூடாது. கால் நீட்டி உள்ளங்காலை வளையத்துக்குக் காட்டுவது பெரிய அவமரியாதை. சம்மணம் நமக்குப் பழக்கம் என்பதால் மற்ற நாட்டுப் பயணிகளைவிட நம்மவர்கள் இதைச் சுலபமாகத் தாங்குவார்கள், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலி கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தொப்பி, கறுப்புக்கண்ணாடி கழற்ற வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குளிர்காலத்தில் கூடம் சில்லென்று இருக்கும், கனமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இருந்தால் கண் வளையத்திலேயே இருக்கட்டும், தள்ளப்பட்ட உடம்பு மேடைவரை வந்து விழுவது அபூர்வமில்லை. பெண்கள் தாத்தாமி மேடையில் உட்கார்ந்து பார்க்கலாம், மண் வளையத்தில் கால் வைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. இந்த விதியோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் போகிறவர் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சளி, காய்ச்சல் இருந்தால் பணம் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள். இருபது பேர் ஒரே அறையில் தூங்கும் வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். 2020 மே மாதம் 28 வயது வீரர் ஒருவர் கொரோனாவில் இறந்தார், அந்த மாதப் போட்டியும் நடக்கவில்லை.

சாப்பாடு சேர்ந்த சேவைகளும் உண்டு. பத்தரை வாக்கில் பயிற்சி முடியும். மண்ணைப் பெருக்கி நடுவில் மணலைக் குவித்து வெள்ளைக் காகிதக் கூர்ச்சத்தை நடுவார்கள். பதினொரு மணிக்குச் சாங்கோ என்ற வீரர்களின் சாப்பாடு. இளையவர்கள் முறைவைத்துச் சமைப்பது. பழைய முறையில் கோழி எலும்பை வேகவைத்த சாற்றில் முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், தோஃபு, கோழி உருண்டைகள் போடுவார்கள். கோழி இரண்டு காலில் நிற்பது, மாடும் பன்றியும் கையூன்றித் தோற்ற வீரனைப் போல நாலுகாலில் நிற்பவை என்று கோழிக்கு முதலிடம். முதல் பந்தியில் ஓயகதா, விருந்தினர், செகிதோரிகள். கடைசிப் பந்திக்காரர்கள் அதுவரை பின்னால் நின்று பரிமாறுவார்கள், அவர்கள் முறை வரும்போது சட்டியில் இறைச்சி அதிகம் மிஞ்சாது. காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்கள் இவர்களே என்பதை நினைத்துப் பார்த்தால் உணவு இறங்காது, ஆனால் மேலே போக அவர்களைத் தள்ளுவதும் இதுதான். சுவை எளிமையாக, உப்புக் குறைவாக, வயிறு நிறைவாக இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. காய்கறி மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று சில விளம்பரங்கள் சொல்கின்றன, அந்தக் காய்கறி வெந்தது கோழிச் சாற்றில்.

பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் நான்கு கேள்விகள் எழுத்தில் கேளுங்கள். எந்த ஹேயா, எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், ஒரு குழுவில் எத்தனை பேர், ஹேயா கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் முழுவதும் திரும்புமா. ஹேயாவின் பெயரைச் சொல்ல மறுத்து ‘அன்று காலை தெரிவிப்போம்’ என்பது ரத்து ஆனால் வேறு இடத்துக்கு மாற்றுவதற்கான முறை, அது நியாயமே. ஆனால் நுழையும் நேரம் எட்டு மணிக்கு மேல் என்றாலோ, குழுவில் இருபது பேர் என்றாலோ, அந்தப் பணத்தைப் போட்டி நாளில் கொகுகிகானில் ஒரு நல்ல இருக்கைக்குக் கொடுத்துவிட்டு, காலையில் அரஷியோ ஹேயாவின் சன்னலுக்குப் போய் நில்லுங்கள்.